ஏழரை ஓம்

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு இப்போதெல்லாம் நாக்கில் எச்சில் ஊறுகிறது. அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பது வால்வு டைமிங் கோளாறு, அதுவும் எண்ணெய்க் கோளாறு இல்லை, மின்சாரக் கோளாறு என்று தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அன்றைக்குச் சமையலை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்! பழுது தேடுவதில் இப்படியொரு பரமசுகம் ஒளிந்திருக்கிறது என்று யாருமே எனக்குச் சொல்லவில்லையே என்பதுதான் என் ஒரே மனக்குறை.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள். வீடு சென்னையில். கார் ஒரு பழைய பெட்ரோல் செடான். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நடந்ததில் கம்பெனி மேல் ஒரு தப்பும் கிடையாது.

கதாநாயகனை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடித்த உலோகத் தண்டு. தலையில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. மூடியில் இரண்டே இரண்டு பின். ஆயில் கண்ட்ரோல் வால்வு என்று பெயர், மெக்கானிக்குகள் வாயில் ஓ.சி.வி. உள்ளே ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. இந்த வகை வால்வுகள் பலவற்றுக்கு 20 டிகிரி செல்சியஸில் மின்தடை 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்கலாம் என்று சர்வீஸ் கையேடுகள் சொல்லும். என்னுடையதை அளந்தபோது 7.5. ஏழரை! இந்த எண்ணைக் கேட்டாலே என் மாமியார் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றக் கிளம்பிவிடுவார். எனக்கோ அதுவே அதிர்ஷ்ட எண் ஆகிவிட்டது.

சுருளில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் ஊசித்தண்டு நகரும். தண்டு நகர்ந்தால் இன்ஜின் எண்ணெய் போகும் வழி மாறும். வழி மாறிய எண்ணெய், கேம்ஷாஃப்ட்டின் முனையில் உள்ள ஃபேசர் என்ற உருளைக்குள் புகுந்து அதன் இறக்கைகளை ஒரு பக்கமாகத் தள்ளும். உடனே கேம்ஷாஃப்ட் தன்னை ஓட்டும் செயினைவிடச் சில டிகிரி முந்திக்கொள்ளும். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகள் அந்த அளவுக்கு முன்னதாகத் திறந்து, முன்னதாக மூடும். தண்டு மறுபக்கம் நகர்ந்தால் கேம்ஷாஃப்ட் பின்வாங்கும். தண்டு நடுவில் நின்றால் எண்ணெய் இரு பக்கமும் அடைபட்டு, கேம்ஷாஃப்ட் இருந்த இடத்திலேயே நிற்கும். இத்தனையும் ஒன்றரை ஆம்பியர் சொச்சத்தில்! ஒரு சொட்டு மின்சாரம் எண்ணெயை ஏவுகிறது, எண்ணெய் இரும்பை ஏவுகிறது, இரும்பு காலத்தையே நகர்த்துகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

எதற்காக இத்தனை பாடு? பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை உறிஞ்சி, அடியைத் தொட்டு, மேலே ஏறத் தொடங்குகிறது. வேகமாக ஓடும் இன்ஜினில், பிஸ்டன் ஏறத் தொடங்கிய பிறகும் காற்று தன் ஓட்டத்தின் உத்வேகத்தில் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால் வால்வைத் தாமதமாக மூடினால் லாபம். மெதுவாக ஓடும்போது அந்த உத்வேகம் இல்லை. தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்றையே பிஸ்டன் திருப்பி வெளியே தள்ளிவிடும். ஒரே நேரம் இரண்டுக்கும் ஒத்துவராது. அந்தக் கால இன்ஜின்கள் எல்லாம் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தைச் செய்துகொண்டு காலம் தள்ளின. 1980-ல் அமெரிக்கச் சந்தைக்கு ஆல்ஃபா ரோமியோ அனுப்பிய ஸ்பைடர்தான் வால்வு நேரத்தை மாற்றிக்கொள்ளும் முதல் உற்பத்திக் கார் என்பார்கள். 1989-ல் ஹோண்டா தன் இன்டெக்ராவில் விடெக்கைக் கொண்டுவந்தது; அது கேமின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும் வேறு வித்தை. 1992-ல் பி.எம்.டபிள்யூ.வின் வானோஸ். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். இன்று நம் தெருவில் நிற்கும் சாதாரண ஹேட்ச்பேக்கின் பானட்டைத் திறந்தாலும் இந்த ஏழரையாளர் உள்ளே உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

என் காருக்கு வந்த நோய் இப்படி. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏசி போட்டுக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறினால் இழுவையே இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்து மூவாயிரம் சுற்றுக்கு மேல் கொண்டுபோனால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். விளக்கு ஒருநாள் எரியும், பிறகு தானே அணையும். புளூடூத் கருவியைக் காரின் 16 பின் சாக்கெட்டில் செருகிக் கைப்பேசியில் பார்த்தால் ஒரே குறியீடு: பி-0010.

இந்தக் குறியீட்டைப் பார்த்த நிமிஷத்தில் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பி-0011 என்றால் கேம் முந்தியே நிற்கிறது, பி-0012 என்றால் பின்தங்கியே நிற்கிறது. சொன்ன இடத்துக்கு அது போகவில்லை என்று பொருள். அதற்குக் காரணம் எண்ணெய் குறைந்திருக்கலாம், கசடு கட்டியிருக்கலாம், வால்வுக்கு முன்னே உள்ள சிறு வலை அடைத்திருக்கலாம், செயின் தளர்ந்திருக்கலாம். கை முழுக்க அழுக்கு. பி-0010 அப்படியல்ல. கேம் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. இன்ஜினின் கணினியான இ.சி.யு. தன் வாசலில் நின்று ஓ.சி.வி.யின் கம்பியைப் பார்க்கிறது. நான் சுவிட்சைத் திறந்தால் இங்கே பேட்டரி வோல்ட் தெரிய வேண்டும், மூடினால் பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும். அப்படி நடக்கவில்லையே என்று புகார் சொல்கிறது. எண்ணெய், செயின், ஃபேசர் எல்லோரும் விடுதலை. சந்தேகப் பட்டியலில் மிஞ்சுவது ஃப்யூஸ், ரிலே, இரண்டு ஒயர், ஒரு கனெக்டர், ஒரு சுருள், ஒரு இ.சி.யு. ஒரு துப்பறியும் கதைக்கு இதைவிடக் கச்சிதமான பாத்திரங்கள் கிடைக்குமா!

நான் போன ஒரு பட்டறையில் வேறுமாதிரிச் சொன்னார்கள். முதலில் ஓ.சி.வி.யை மாற்றிப் பார்க்கலாம், சரியாகவில்லை என்றால் இ.சி.யு. போயிருக்கும். மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழிதான், பணம் என்னுடையது என்பதால் அவர்களுக்கு அது சுலபமான வழி. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் வேட்டை ஆரம்பம். இன்ஜின் ஆறியிருக்கும்போது கனெக்டரைக் கழற்றிச் சுருளை அளந்தேன். ஏழரை. அரை மணி ஓட்டிவிட்டு வந்து, பானட்டிலிருந்து அனல் அடிக்க அடிக்க மறுபடி அளந்தேன். ஒன்பதைத் தாண்டியிருந்தது. வேறு யாராவது பார்த்தால் சுருள் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் கூடும். 20-லிருந்து 100 டிகிரிக்குப் போனால் ஏழரை ஓம் 9.8 ஆகும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகக் கணக்கு என் காரின் பானட்டுக்குள் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது! வகுப்பில் இந்தக் கணக்கைப் போடும்போது கொட்டாவி விடுகிற பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் அருமையான சோதனை. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஓ.சி.வி.யின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஃப்யூஸ் வைத்த ஒயர் ஜோடியால் பேட்டரியிலிருந்து நேராக அதற்கு ஒரு நொடி மின்சாரம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். 'டிக்' என்றது. அடுத்த கணம் இன்ஜின் தடுமாறி, குலுங்கி, அணையப் பார்த்தது. எடுத்தவுடன் சமாளித்துக்கொண்டு பழையபடி ஓடியது. தடுமாறியதே என்று நான் கைதட்டியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைச் சாத்திக்கொண்டார். ஐடிலில் கேம் முழுக்க முந்தினால், எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறந்துவிடும்; எரிந்த புகை திரும்பி உள்ளே வந்து கலவையைக் கெடுக்கும்; இன்ஜின் தள்ளாடத்தான் வேண்டும். தள்ளாடினால் சுருள் வேலை செய்கிறது, தண்டு நகர்கிறது, எண்ணெய் போகிறது, ஃபேசர் திரும்புகிறது என்று அர்த்தம். ஒரு நொடியில் ஒரு பஞ்சாயத்தே முடிந்தது. மாற்றச் சொன்ன ஓ.சி.வி. நூற்றுக்கு நூறு நிரபராதி.

அப்படியானால் மின்சாரம் வரும் வழியில்தான் திருடன். என் காரில் இரண்டு ஒயர்களில் ஒன்று மெயின் ரிலேயிலிருந்து ஃப்யூஸ் வழியாக 12 வோல்ட் கொண்டுவருகிறது. இன்னொன்று இ.சி.யு.வுக்குப் போகிறது. அது எர்த் பக்கத்தை நொடிக்குச் சில நூறு முறை திறந்து மூடி, எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதை வைத்துத் தண்டின் இடத்தைத் தீர்மானிக்கிறது. சாவியைப் போட்டு, கனெக்டரின் வரத்துப் பின்னில் மல்டிமீட்டரை வைத்தேன். 12.5 வோல்ட். ஒயரை ஆட்டினேன். 12.5. இழுத்தேன். 12.5. எதிலும் குறை இல்லாத மாப்பிள்ளை மாதிரி அப்பழுக்கில்லாமல் நின்றது மீட்டர். அப்போது இ.சி.யு.தான் போய்விட்டதா?

இந்த இடத்தில்தான் பாய் வருகிறார். ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் மரத்தடியில் கடை. ஆட்டோ எலக்ட்ரீஷியன். கார்பரேட்டர் காலத்தில் தொழில் கற்றவர், எந்தப் புதுக் காரைக் கண்டும் அசராதவர். நான் விவரம் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மீட்டர்ல பன்னெண்டரை காட்டுதா டீச்சரம்மா?"

"ஆமா பாய். ஆட்டினாலும் காட்டுது."

"காட்டும். காட்டத்தான் செய்யும். மீட்டர ஓரமா வைங்க. அது ஒண்ணும் வேல செய்யல, சும்மா எட்டிப் பாக்குது. வேல குடுத்துப் பாக்கணும்."

டிராயரிலிருந்து ஒரு பல்பை எடுத்தார். இண்டிகேட்டரில் போடும் சாதாரண 21 வாட் பல்பு. ஹோல்டரில் இரண்டு ஒயர், முனையில் முதலை கிளிப். ஒரு கிளிப் பேட்டரியின் மைனஸில், இன்னொன்று கனெக்டரின் வரத்துப் பின்னில். பல்பு பளிச்சென்று எரிந்தது. என் முகம் தொங்கிப்போனது. பாய் அசரவில்லை. இன்ஜினின் மேல்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். பல்பு மங்கியது. இன்னும் கொஞ்சம் அசைத்தார். அணைந்தே போனது. விட்டார். எரிந்தது!

நான் கத்திய கத்தலில் அவருடைய டீ கொட்டியது.

அந்த மங்கலை நினைத்தால் இன்னும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஏன் மீட்டர் ஏமாந்தது, பல்பு ஏன் ஏமாறவில்லை? டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அதாவது அது ஒயரிடமிருந்து எடுத்துக்கொள்வது ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம். ஒயருக்குள் கம்பி இழைகள் எல்லாம் அறுந்து, ஏதோ ஓர் இழை மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்து, அந்த இடத்தில் 5 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். மீட்டர் எடுக்கும் மின்சாரத்துக்கு அந்த 5 ஓமில் விழும் வோல்ட், ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஆறு பங்கு. மீட்டருக்கு அது தெரியவே தெரியாது; 12.5 என்றுதான் சத்தியம் செய்யும். அதே இடத்தில் ஏழரை ஓம் சுருளை மாட்டுங்கள். ஏழரையும் ஐந்தும் பன்னிரண்டரை. 12.5 வோல்ட்டில் சரியாக ஓர் ஆம்பியர். சுருளுக்குக் கிடைப்பது ஏழரை வோல்ட். மீதி ஐந்து வோல்ட்டை அறுந்த ஒயர் தின்றுவிடும்! கணக்கு இவ்வளவு அழகாக வந்து உட்காரும்போது பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. ஜார்ஜ் சைமன் ஓம் இதை எழுதி வெளியிட்டது 1827-ல். அவர் காலத்தில் காரும் இல்லை, பல்பும் இல்லை. ராயப்பேட்டைச் சந்தில் மரத்தடியில் அவர் விதி ஜெகஜோதியாக எரிகிறது.

இன்னொரு அழகும் இருக்கிறது. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் எடுப்பது 1.75 ஆம்பியர். சூடேறாத ஓ.சி.வி. முழு மின்சாரத்தில் எடுப்பது சுமார் 1.65. கிட்டத்தட்ட ஒரே பாரம்! பாய் எடுத்தது ஏதோ கையில் கிடைத்த பல்பு என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டபோது, "ஹெட்லைட் பல்ப மாட்னா ஜாஸ்தி இழுக்கும், நம்பர் பிளேட் பல்ப மாட்னா கம்மியா இழுக்கும். எது வேல செய்யணுமோ அது இழுக்குற அளவு இழுக்கணும்" என்றார். இதை எந்தப் பாடப்புத்தகமும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

இன்ஜினை ஏன் அசைத்தார்? குறியீடு பதிவாகும் கணத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதை இ.சி.யு. ஒரு படம் பிடித்ததுபோல் சேமித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். வந்தபோதெல்லாம் அதை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எல்லாப் பதிவுகளிலும் இன்ஜின் சூடு, வேகம் குறைவு, பாரம் அதிகம். பாய் நோட்டை ஒரு புரட்டுப் புரட்டினார். "கிளட்ச் வுட்டு இழுக்குற நேரம். அப்ப இன்ஜின் மவுண்டிங்ல பின்னால சாயும். சாஞ்சா எது இழுபடுதோ அங்க இருக்கான்" என்றார். நோட்டில் எண்களாக இருந்தது அவர் கண்ணுக்கு இன்ஜின் சாய்வதாகத் தெரிந்திருக்கிறது. மழையா, ஈரமா, ஏசியா என்று நான் எங்கெங்கோ யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்தது சுத்தமான வேட்டை. பல்பு எரிந்துகொண்டே இருக்க, இப்போது மீட்டரைக் கையில் எடுக்கலாம். இந்த முறை ஒரு முனையை எர்த்தில் வைப்பதில்லை. இரண்டு முனையும் ஒரே ஒயரின் மேல்! ஒன்று ஃப்யூஸ் பெட்டியின் வெளியேறும் பக்கத்தில், மற்றொன்று ஓ.சி.வி. கனெக்டரில். நல்ல ஒயராக இருந்தால் இரண்டுக்கும் நடுவே சில பத்து மில்லிவோல்ட்தான் காட்டும். வோல்டேஜ் டிராப் சோதனை என்று பெயர். உலகிலேயே எனக்குப் பிடித்த சோதனை இனி இதுதான். இன்ஜினை அசைத்தவுடன் 4 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. திருடன் இந்த ஒயரில்தான் என்பது உறுதி. அடுத்து ஒயரைப் பாதியாகப் பிரிப்பது. நடுவே ஒரு இணைப்பு கனெக்டர் இருந்தது. ஃப்யூஸ் பெட்டியிலிருந்து அதுவரை அளந்தால் ஒன்றுமில்லை. அங்கிருந்து ஓ.சி.வி.வரை அளந்தால் நாலு வோல்ட். பாதி ஒயருக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டோம்.

கனெக்டரின் பின்பக்கமாக உள்ளே தொட்டுப் பார்க்க மெல்லிய ஊசி வேண்டும். பாய் டிராயரைத் துழாவிக்கொண்டிருந்தபோது நான் தோளிலிருந்து சேலைப் பின்னைக் கழற்றிக் கொடுத்தேன். அந்தப் பின் இனி வேறு எதற்கும் பயன்படாது. அதற்குத் தனி டப்பா வாங்கிவிட்டேன். ஒயரின் ரப்பர் தோலைக் குத்தி அளக்கும் பழக்கத்தைப் பாய் கடையில் அனுமதிப்பதில்லை. குத்திய ஓட்டையில் ஐப்பசி மழை இறங்கும், கார்த்திகைக்குள் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும்.

கடைசியில் ஒரு சாண் நீளம்தான் மிச்சம். இன்ஜின் முன்பக்கத்தில், ஒரு பிராக்கெட்டை ஒட்டி. முன்பு எப்போதோ ஆல்டர்னேட்டர் வேலை பார்த்த யாரோ ஒயர் கட்டைப் பிராக்கெட்டோடு சேர்த்துக் கேபிள் டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒயருக்கு ஆடச் சற்றும் இடமில்லை. இன்ஜின் சாயும்போதெல்லாம் அந்த ஓரிடத்தில் மடங்கி மடங்கி, தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பிழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் புத்தம்புது ஒயர். பாய் விரலால் மடக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். மற்ற இடங்களில் எதிர்த்து நின்ற ஒயர் அங்கே மட்டும் எந்த எதிர்ப்பும் இல்லாமல் துவண்டது. லேசாக இழுத்தால் தோல் மட்டும் நீண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கணக்கும் பல்பும் மட்டும் வைத்துத் துரத்திக்கொண்டு வந்து விரல்நுனியில் பிடிப்பது! இதற்கு ஈடாக எனக்கு ஒரு சந்தோஷத்தைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

பழுது பார்த்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதுப்பேட்டையில் பழைய கார் ஒயரிங் கட்டு ஒன்றிலிருந்து அதே தடிமனில் ஒரு துண்டு, கிரிம்ப் இணைப்பு, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய், மேலே நெளிவுக் குழாய். பிராக்கெட் அருகே ஒயருக்குத் தாராளமாக ஒரு வளையம் விட்டுக் கட்டினார். செலவைச் சொன்னால் அந்த இ.சி.யு. யோசனைக்காரர்கள் வருத்தப்படுவார்கள்.

ஆனால் நிரூபணம் இல்லாமல் இயற்பியல் டீச்சருக்குத் தூக்கம் வருமா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய கையடக்க ஆசிலோஸ்கோப் ஒன்று என்னிடம் உண்டு, இரண்டு சானல். பாய் அதைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். முதலில் ஓ.சி.வி.யின் இ.சி.யு. பக்க ஒயர். திரையில் சதுர அலை வரிசை வரிசையாக நின்றது: திறந்தால் மேலே, மூடினால் கீழே. சுவிட்ச் திறக்கும் கணத்தில் சுருள் தன் காந்தப்புலத்தை விட மனமில்லாமல் வோல்ட்டை மேலே தூக்கும். சில கார்களில் அது உயரமாக எகிறும். என் காரில் இ.சி.யு.வுக்குள் இருக்கும் டயோடு அதை அடக்கிவிடுவதால் பேட்டரி வோல்ட்டுக்குச் சற்று மேலே ஒரு சின்னத் தோள் மட்டும். அந்தத் தோள் தெரிந்தால் சுருள், ஒயர், இ.சி.யு.வின் சுவிட்ச் மூன்றும் ஒன்றாகக் கைகோத்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, அன்றைய திருவிழா. ஒரு சானலில் கிராங்க் சென்சார், இன்னொன்றில் கேம் சென்சார். என் காரின் கிராங்க் சக்கரத்தில் 36 பற்களுக்கு இடம்; அதில் இரண்டு பற்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். 360-ஐ 36-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. திரையே ஒரு கோணமானி! இன்ஜினை 1500 சுற்றில் நிறுத்திவைத்து, கேம் சென்சாரின் ஒரு துடிப்பு கிராங்க்கின் எந்தப் பல்லுக்கு நேராக நிற்கிறது என்று குறித்துக்கொண்டோம். பாய் தன் ஸ்கேனரில் ஆக்டிவ் டெஸ்டுக்குப் போய் ஓ.சி.வி.க்கு ஆணை கொடுத்தார்.

துடிப்பு நகர்ந்தது. ஐயோ, நகர்ந்தது! கிராங்க்கின் பற்கள் அசையாமல் நிற்க, கேமின் துடிப்பு மட்டும் இடப்பக்கமாக ஒரு பல், இரண்டு பல், மூன்று பல் தாண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. மூன்று பல், 30 டிகிரி. அந்தச் சுற்றில் அது மூன்றேகால் மில்லி நொடிக்கும் சற்று மேல். வால்வுகள் அத்தனை நேரம் முன்னதாகத் திறப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்! ஆணையை எடுத்தவுடன் துடிப்பு பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. "இன்னொரு வாட்டி" என்றேன். பாய் செய்தார். "இன்னொரு வாட்டி" என்று பாயே சொன்னார். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரும் வந்து நின்றுகொண்டார். என்ன தெரிகிறது என்று அவருக்குப் புரிந்ததா தெரியாது. ஆனால் மூன்று பேரும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை கத்திப்பாராவில் ஏசியோடு இரண்டாம் கியரில் ஏறினேன். கணவர் பக்கத்தில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் இரண்டு கோடுகள்: கேம் எங்கே இருக்க வேண்டும் என்று இ.சி.யு. கேட்பது ஒன்று, கேம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது மற்றொன்று. "ரெண்டும் ஒட்டிக்கிட்டேதான் போகுது. வேற என்ன பாக்கணும்?" என்றார். வேறு என்ன பார்க்க வேண்டும்! கார் பாலத்தின் மேல் ஜிவ்வென்று ஏறிக்கொண்டிருந்தது.

பாயின் பல்பைப் பற்றிக் கேள்விப்பட்ட சக ஆசிரியர்கள் தங்களுக்கும் ஒன்று செய்து தரச் சொல்கிறார்கள். செய்வது எளிது: ஹோல்டர், 21 வாட் பல்பு, இரண்டு மீட்டர் ஒயர், இரண்டு முதலை கிளிப், வரத்துப் பக்கம் ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸ். ஆனால் மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்களின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் ஒயர்களிலும் மாட்டக்கூடாது. அவ்வளவு மின்சாரத்தை இழுத்தால் நல்லாயிருக்கும் இ.சி.யு.வே படுத்துவிடும். ஓ.சி.வி., ரிலே, மோட்டார் மாதிரி உண்மையாகவே உழைக்கிற சாமான்களின் வரத்து ஒயரில் மட்டும்தான். கடையில் வெறுமனே "பின்விளக்கு பல்பு" என்று கேட்டால் பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து இரட்டைத் தந்தி வைத்த 21/5 வாட் பல்பைத் தந்துவிடுவார்கள். இண்டிகேட்டருக்குப் போடும் ஒற்றைத் தந்தி 21 வாட் என்று கேட்டு வாங்குங்கள்.